சீனாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம்

பழைய பேப்பர் கடைக்கு நான் போவது பேப்பர் போடுவதற்கு என்றுதான் வீட்டில் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். எட்டு கிலோவைக் கொண்டுபோனவன் பதினோரு கிலோவோடு திரும்புகிறான் என்கிற விஷயம் போன மாதம்தான் அம்பலமானது. அன்றிலிருந்து எனக்கு வாசலிலேயே சோதனை.

கடை பென்னாகரம் ரோட்டில் இருக்கிறது. கடைக்காரர் எடையில் நியாயஸ்தர், இலக்கியத்தில் சமதர்மி. கம்பராமாயணம், கல்யாணப் பத்திரிகை, பத்தாங்கிளாஸ் கைடு எல்லாம் அவருக்கு ஒரே ரேட். அவருடைய சாக்குகளுக்கு நடுவே காலிகோ பைண்டிங் போட்டு, முதுகில் தங்க எழுத்து மங்கிப்போன ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. பிரித்தால், 'ஸ்வராஜ்யா'. ராஜாஜி வாராவாரம் எழுதிக்கொண்டிருந்த சென்னை இங்கிலீஷ் வாரப் பத்திரிகை. அறுபதுகளின் கடைசியில் வந்த இதழ்கள். யாரோ ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் அழகாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். அவர் போனதும் பிள்ளைகள் வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

ராஜாஜி என்றால் எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் அவர் பிறந்தபோது (1878) அது சேலம் ஜில்லா. 1965-ல் தர்மபுரி தனி மாவட்டம் ஆனபோது தொரப்பள்ளி எங்களோடு வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது போய்விட்டது. பாகப்பிரிவினையில் மாம்பழம் அவர்களுக்கு, ராஜாஜி அவர்களுக்கு. எங்களுக்கு ஒகேனக்கல். அதிலும் தண்ணீர் வருவது கர்நாடகாவின் மனசைப் பொறுத்தது.

சரி, புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தேனா? திண்ணையில் எங்கள் மாமா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டே முதுகுப் பெயரைப் படித்தார்.

"என்னா மாப்ள, ஆச்சாரியார் பத்திரிகையா?"

"ஆமாம் மாமா. கிலோ பன்னெண்டு ரூபா."

"ஜாஸ்திதான். இதுக்கு ஒரு வெள்ளக்காரன் எடிட்டரா இருந்தான், தெரியுமா ஒனக்கு? ஸ்ப்ராட்டுன்னு பேரு. துரோகி."

சொல்லிவிட்டு அடுத்த கடலையை உரிக்க ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர். அவர் வாயிலிருந்து ஒரு இங்கிலீஷ்காரன் பெயர் வந்ததே எனக்கு அதிசயம். அதோடு அந்தத் 'துரோகி'யில் நாற்பது வருஷத்துப் பழைய சூடு இருந்தது. யாரந்த ஸ்ப்ராட் என்று தேடப் போய் மூன்று வாரமாக ராத்தூக்கம் கெட்டுக்கிடக்கிறேன். நீங்களும் கொஞ்சம் கெடுங்கள்.

பிலிப் ஸ்ப்ராட் 1902-ல் லண்டனில் ஒரு வாத்தியார் வீட்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஸ்காலர்ஷிப்போடு கணக்குப் படித்தார். கணக்குப் படித்தவன் பாங்கிலோ காலேஜிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் கம்யூனிஸ்ட் ஆனார். 1926-ல் கிளெமென்ஸ் தத் என்கிற தோழர் (ரஜனி பாமி தத்தின் அண்ணன்) கூப்பிட்டு, "இந்தியாவுக்குப் போகிறாயா?" என்றார். அனுப்புவது மாஸ்கோவிலிருந்த கம்யூனிஸ்ட் அகிலம். வேலை, இங்கே தொழிலாளர் விவசாயிகள் கட்சி என்று ஒன்றைக் கிளப்பி அதன் நிழலில் கம்யூனிஸ்ட் கட்சியை வளர்ப்பது. அந்த டிசம்பர் கடைசியில் பம்பாயில் வந்து இறங்கினார் ஸ்ப்ராட். வயது 24. நம் ஊர்ப் பையன்கள் அந்த வயதில் குரூப் டூவுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

கொடுத்தனுப்பிய வேலைகளில் இன்னொன்றும் இருந்தது. சீனாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுத வேண்டும். சீனாவில் குவோமின்டாங் கட்சி எப்படி நடக்கிறதோ அப்படி இந்தியாவும் நடக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் சீனக் கதை கொஞ்சம் தேவைப்படுகிறது. பயப்படாதீர்கள், பெயர்கள் குறைவு. சன் யாட் சென் ஆரம்பித்த குவோமின்டாங் அங்கே நம் காங்கிரஸ் மாதிரி. கம்யூனிஸ்டுகள் தனிக்கட்சியாக இருந்துகொண்டே அதற்குள்ளும் இருந்தார்கள். மாஸ்கோ ஆயுதமும் ஆலோசகர்களும் அனுப்பியது. 1926-ல் சியாங் கை ஷேக் தலைமையில் படை தெற்கிலிருந்து வடக்கே கிளம்பி ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போனது. அடிமைப்பட்ட ஆசியா எழுந்துவிட்டது என்று உலகம் முழுக்கப் பேச்சு. ஷாங்காயிலிருந்த தன் ஆட்களைக் காப்பாற்ற பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பிய படையில் நம் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்குப் போன நேரு, சீனப் பிரதிநிதிகளோடு சேர்ந்து அறிக்கை விட்டார். சீனாவின் பெயரைச் சொன்னாலே ரத்தம் சூடான நேரம்.

இந்தச் சூட்டில்தான் ஸ்ப்ராட்டின் 'இந்தியாவும் சீனாவும்' வெளிவந்தது. 1927 செப்டம்பரில் போலீஸ் பிடித்தது. அவருக்கு வந்த, அவர் எழுதிய பூடகமான கடிதங்கள் மேல் ஏற்கெனவே சர்க்காருக்கு ஒரு கண். ஆனால் வழக்குப் போட வாகாக அகப்பட்டது இந்தப் புத்தகம். ராஜத்துரோகம்!

ராஜத்துரோகம் என்றால் எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஒரு முகம் உண்டு. பாப்பாரப்பட்டியில் அடங்கியிருக்கும் சுப்பிரமணிய சிவா. 1908-ல் வ.உ.சி.யோடு சேர்த்துப் போட்ட வழக்கில் இவருக்குப் பத்து வருஷம் கொடுத்து, அப்பீலில் ஆறாகக் குறைத்தார்கள். வெளியே வரும்போது தொழுநோயோடு வந்தார். ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். நடந்தார். 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். அது முடிந்து இரண்டு வருஷத்தில் பம்பாயில் அதே மாதிரிக் குற்றச்சாட்டில் ஒரு வெள்ளைக்காரன் கூண்டில் நிற்கிறான். ஜூரி விசாரணை. நவம்பரில் தீர்ப்பு. குற்றவாளி இல்லை, வீட்டுக்குப் போகலாம்!

தோல் நிறம்தான் காரணமா என்று பாப்பாரப்பட்டி ரத்தம் கேட்கத்தான் செய்யும். கேட்கட்டும். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு ஒரு விஷயம்.

தேதியைப் பாருங்கள். ஸ்ப்ராட் கைதானது 1927 செப்டம்பர். அதற்கு ஐந்து மாதம் முன்னால், ஏப்ரல் 12-ந் தேதி, ஷாங்காயில் சியாங் கை ஷேக் தன் கூடவே இருந்த கம்யூனிஸ்டுகள் மேல் திரும்பிவிட்டார். தெருவில் வைத்துச் சுட்டார்கள், வெட்டினார்கள். 'குவோமின்டாங் மாதிரி இருங்கள்' என்று எழுதியதற்காக ஒருவன் பம்பாயில் ராஜத்துரோகியாக நிற்கிறான். அங்கே அதே குவோமின்டாங், அவனைப் போன்றவர்களைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருக்கிறது. சர்க்கார் வக்கீல் அந்தப் புத்தகத்தை ஆபத்து என்கிறார். அதற்குள் புத்தகமே செல்லாக்காசு! கூண்டில் நின்ற 25 வயதுப் பையன் எதை நினைத்திருப்பான்? "நான் எழுதியது சரி" என்று நெஞ்சை நிமிர்த்தவும் முடியாது. "தப்பு" என்று சொன்னால் சர்க்காருக்குக் கொண்டாட்டம்.

அதே 1927-ல் நம்மவர் ஒருவர் சீனாவிலேயே இருந்தார். எம்.என்.ராய். வங்காளத்து மனிதர், மாஸ்கோ அனுப்பிய தூதர். ஸ்டாலினிடமிருந்து வந்த ரகசியத் தந்தியை, குவோமின்டாங்கின் இடதுசாரித் தலைவர் வாங் சிங் வெய்யிடம் இவரே எடுத்துக் காட்டிவிட்டார். 'நம்பிக்கை வரட்டும்' என்கிற நல்லெண்ணம். தந்தியில் இருந்ததோ, கம்யூனிஸ்டுகள் தனிப்படை திரட்ட வேண்டும், குவோமின்டாங் தலைமையை மாற்றி அமைக்க வேண்டும் என்கிற சங்கதி. வாங் சிங் வெய் உஷாராகிவிட்டார். கொஞ்ச நாளில் அங்கேயும் உறவு அறுந்தது. சம்பந்தி வீட்டுக்குப் போன மாப்பிள்ளைத் தோழன், 'உங்களைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா' என்று கடிதத்தை நீட்டினால் கல்யாணம் என்னாகும்? ராயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

விடுதலையான ஸ்ப்ராட் ஊருக்குக் கிளம்பவில்லை. பம்பாய், கல்கத்தா என்று சங்கம் கட்டிக்கொண்டு சுற்றினார். இவரையும் இவருக்குப் பின்னால் வந்த பென் பிராட்லியையும் எப்படி வெளியேற்றுவது? சட்டத்தில் இடமில்லை. இந்தியனை அந்தமானுக்கு அனுப்பலாம். வெள்ளைக்காரனை எங்கே அனுப்புவது? லண்டனுக்கா? அது தண்டனையா? இதற்கென்றே 1928-ல் பொதுப் பாதுகாப்பு மசோதா கொண்டுவந்தார்கள். சட்டசபையில் ஓட்டு சரிசமம். தலைவர் நாற்காலியிலிருந்த விட்டல்பாய் படேல் தன் ஓட்டைப் போட்டு மசோதாவைத் தோற்கடித்தார். அடுத்த வருஷம் மறுபடி வந்தது. 1929 ஏப்ரல் 8-ந் தேதி அதன் மேல் படேல் தீர்ப்புச் சொல்ல எழுந்திருக்கிற நேரத்தில்தான் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் மேல்மாடத்திலிருந்து குண்டு வீசினார்கள். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த குண்டுதான். அது எந்த மசோதாவின் போது, அந்த மசோதா யாருக்காக என்று என் வாத்தியார் சொல்லவில்லை. (வாத்தியாரைக் குறை சொல்லும் யோக்யதை எனக்கில்லை. அந்த வருஷம் என்னிடம் புத்தகமே இல்லாமல் போனது பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

குண்டு விழுவதற்கு மூன்று வாரம் முன்னால், மார்ச் 20-ல், நாடு முழுக்க ஒரே நாளில் அள்ளினார்கள். மீரட் சதி வழக்கு. முப்பதுக்கு மேற்பட்ட பிரதிவாதிகள், அதில் மூன்று இங்கிலீஷ்காரர்கள். வழக்கின் பெயரே 'சக்கரவர்த்தி எதிர் பிலிப் ஸ்ப்ராட் மற்றும் பலர்'. பம்பாய்க்காரர், கல்கத்தாக்காரர், லாகூர்க்காரர் எல்லோரையும் மீரட்டுக்குக் கொண்டுபோவானேன்? பம்பாயிலும் கல்கத்தாவிலும் என்றால் ஜூரி வைக்க வேண்டும். மீரட்டில் வேண்டாம். 'இந்தியாவும் சீனாவும்' வழக்கில் சூடுபட்ட பூனை!

விசாரணை கிட்டத்தட்ட நாலு வருஷம் இழுத்தது. காந்தி மீரட் ஜெயிலுக்கே போய்ப் பார்த்தார். 1933 ஜனவரியில் ஸ்ப்ராட்டுக்குப் பன்னிரண்டு வருஷ தீபாந்தர சிட்சை. அலகாபாத் ஹைகோர்ட் அதை வெகுவாக வெட்டியது. 1934-ல் வெளியே வந்தார். டிசம்பரில் மறுபடி பிடித்துப் பெல்காம் பக்கத்தில் ஒரு கோட்டையில் உட்கார வைத்தார்கள். 1936 வரைக்கும். 24 வயதில் வந்தவர் வெளிச்சத்துக்கு வரும்போது 33. நடுவில் வயதுக்கு வந்தது, தலைமுடி கொட்டியது எல்லாம் மாட்சிமை தங்கிய மன்னர் செலவில்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1979-80-ல் எனக்கு எட்டு, ஒன்பது வயது. மாமாவுக்கு இருபத்திரண்டு. ராத்திரி களி தின்றுவிட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் கட்டில் போட்டு டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக்கொள்வார். புஸ்ஸ்ஸ்... என்கிற இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் தமிழ் பேசும். பீகிங் வானொலி! 1963-லேயே தமிழில் ஆரம்பித்துவிட்டார்கள். சீனப் பெண் பேசுகிற தமிழ் நம் மேடைப் பேச்சாளர்கள் வெட்கப்படுகிற மாதிரி சுத்தமாக இருக்கும். விளைச்சல் எவ்வளவு, உருக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போகும். எங்கள் ஆயா அதைச் சிலோன் ரேடியோ என்று நினைத்துக்கொண்டு, "எப்படா பாட்டுப் போடுவான்?" என்று கேட்டபடியே தூங்கிப்போகும்.

ஒரு நாள் மாமாவைக் காணோம். "பெங்களூருல வேலை கெடச்சிருக்குது" என்று ஆயா ஊரெல்லாம் சொன்னது. வேலை கிடைத்ததற்கு யாராவது ராத்திரி பூராவும் அழுவார்களா? அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: சீனப் பாதையே நம் பாதை என்று கிளம்பிய பையன்களைத் தேடி 1980-ல் இங்கே ஒரு வேட்டை நடந்தது. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

மாமா போன நாலாம் நாள் ஆயா அவர் பெட்டியைக் கவிழ்த்துச் சிவப்பு அட்டை போட்ட புத்தகங்களையெல்லாம் களிப்பானைக்கு அடியில் சொருகிவிட்டது. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். பக்கத்தில் கிடந்த என் மூணாங்கிளாஸ் பாடப் புத்தகத்துக்கும் சிவப்பு அட்டை. மொத்தம் நாலு புத்தகம் எரிந்தது. களி நன்றாகத்தான் வெந்தது.

"புக்கு எங்கடா?"

"ஆயா எரிச்சிட்டாங்க சார்."

"ஏண்டா எரிச்சாங்க?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அந்த வயதிலேயே எப்படியோ தெரிந்திருந்தது. அதற்காக வாங்கிய அடிதான் சீன அரசியலுக்கு என்னுடைய ஒரே தியாகம்.

எட்டு மாதம் கழித்து மாமா வந்தார். பாதி ஆளாக வந்தார். வாடகை சைக்கிள் கடை வைத்தார், கல்யாணம் செய்துகொண்டார். டிரான்சிஸ்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த எட்டு மாதம் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. போனது சரி என்றும் சொன்னதில்லை, தப்பு என்றும் சொன்னதில்லை.

ஸ்ப்ராட் சொன்னார். அதுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜெயிலிலிருந்து வந்தவர் நம் சென்னைக்கு மருமகனானார். பெண் சீதா. சிங்காரவேலருக்குப் பேத்தி முறை. 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிக் காட்டிய சிங்காரவேலரேதான். வீட்டு சம்பந்தமே இப்படியென்றால், மனிதர் ஆயுசுக்கும் செங்கொடியோடு இருந்திருக்க வேண்டும் இல்லையா? கல்யாணம் 1939-ல். அதே வருஷம் காந்தியத்தை அலசி ஒரு புத்தகம் போட்டார். அந்த நவம்பர் கடைசியில் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. சின்ன நாட்டைப் பெரிய நாடு மிதித்தால் ஏகாதிபத்தியம் என்றுதானே இத்தனை நாள் பேசினோம், நம்மாள் மிதித்தால் அதற்கு வேறு பெயரா என்கிற கேள்வி வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் கணக்கு! இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

கட்சியோடு இருந்த பந்தம் அறுந்தது. 1943-ல் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்தார். தலைவர் யார்? எம்.என்.ராய்! சீனாவில் தந்தியைக் காட்டினவர். அவரையும் மாஸ்கோ 1929-லேயே கழற்றிவிட்டிருந்தது. சீனாவைப் பற்றி எழுதிச் சூடுபட்டவரும் சீனாவுக்கே போய்ச் சூடுபட்டவரும் ஒரே திண்ணையில். 1948-ல் அந்தக் கட்சியையும் கலைத்துவிட்டார்கள்.

பிறகு பெங்களூர். 'மைஸ்இந்தியா' என்று ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர். மைசூரையும் இந்தியாவையும் ஒட்டுப்போட்ட பெயர். அதில் சர்க்கார் தொழில் கொள்கையைத் திட்டினார். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை விட்டுவிடலாம் என்று எழுதினார். ஐம்பதுகளில் இதை எழுதினால் யார் கை கொடுப்பார்கள்? 1951-ல் கலாசார சுதந்திரக் காங்கிரஸ் என்கிற உலக அமைப்பின் இந்தியக் கிளைக்குச் செயலாளராக இருந்தார். அந்த உலக அமைப்புக்கு அமெரிக்க உளவுத்துறைப் பணம் போய்க்கொண்டிருந்த விவகாரம் அறுபதுகளில் சந்தி சிரித்தது. மாமா மாதிரி ஆட்களுக்கு இது போதும். "பாத்தியா, மொதல்ல மாஸ்கோ துட்டு, அப்பறம் அமெரிக்கா துட்டு" என்பார்கள். மாஸ்கோ அனுப்பித்தான் வந்தேன் என்பதை ஸ்ப்ராட் மறைக்கவே இல்லை. 1955-ல் போட்ட சுயசரிதைக்கு 'ப்ளோயிங் அப் இந்தியா' என்று தலைப்பு வைத்து, கம்யூனிஸ்ட் அகிலத்தின் முன்னாள் தூதருடைய நினைவுகள் என்று அட்டையிலேயே அச்சடித்தார். தன் பழைய குற்றத்தைத் தானே விளம்பரம் செய்கிற ஆளை என்ன சொல்ல?

கடைசியில் சென்னை. ராஜாஜியின் 'ஸ்வராஜ்யா'. 1952-ல் முதல் மந்திரியாக வந்ததும் கம்யூனிஸ்டுகளே என் முதல் எதிரி என்று அறிவித்த அதே ராஜாஜியின் பத்திரிகைக்கு, மீரட் வழக்கின் முதல் பிரதிவாதி ஆசிரியர்! ராஜாஜியின் இங்கிலீஷில் கமா போடும் தைரியம் அந்த வெள்ளைக்காரருக்கு இருந்ததா என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம். இந்து மனசை ஃப்ராய்டு வழியில் அலசி ஒரு தடிப் புத்தகம் (1966), தி.மு.க. ஆட்சியைப் பற்றி ஒன்று (1970) என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1971 மார்ச்சில் சென்னையிலேயே கண்ணை மூடினார். நாடு கடத்தத் தனிச் சட்டம் தேடிய சர்க்கார் 1947-ல் கப்பல் ஏறிவிட்டது. இவர் இருந்தார்.

நம் ஊரில் கொள்கை மாறுவது புதிதா என்ன? ராத்திரி ஒரு கொடி, காலையில் ஒரு கொடி, சாயங்காலம் காரில் சைரன். ஸ்ப்ராட் மாறினபோதெல்லாம் இருந்த கூட்டத்தைவிடச் சின்னக் கூட்டத்துக்குத்தான் போனார். கார் வந்த மாதிரித் தெரியவில்லை. அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் எழுதியதில் பாதி எனக்கு ஒப்பாது. ஆனால் துரோகி என்று அவரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இதையெல்லாம் குறித்து வைத்து, போன ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஷாங்காய் தேதி வந்தபோது மட்டும் கையை நீட்டி நிறுத்தினார்.

"இரு. புக்கு வந்தது எப்ப? சண்ட வந்தது எப்ப?"

மறுபடி படித்தேன்.

"ம். அவங்கள வெட்டிட்டாங்க. இவன் அந்தப் புக்குக்காவ கூண்டுல நிக்கறான்."

"ஆமாம் மாமா."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அத்தை காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஆறியது.

"மாப்ள, நாங்க சின்னவயசுல கேட்டது ஒண்ணு. சீனாவுல மாவோ செத்து, அவரு சம்சாரத்தையே புடிச்சி உள்ள வெச்சாங்க. 76-ல. ரேடியோல அந்தப் பொண்ணு அதே கொரல்ல, அந்தம்மா கெட்டவங்கன்னு படிச்சிது. மொத மாசம் வரைக்கும் நல்லவங்க. நான் கேட்டேன், எங்க ஆளுங்ககிட்ட. அதெல்லாம் பீகிங்காரன் தடம் மாறிட்டான், நாம மாறக்கூடாதுன்னாங்க. சரின்னுட்டேன்."

இத்தனை வருஷத்தில் மாமா பேசிய நீளமான பேச்சு இதுதான். நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சரின்னுட்டுத்தான் 80-ல போனேன்."

"தப்புன்னு நெனைக்கறீங்களா மாமா?"

கேட்டிருக்கக்கூடாது. பத்திரிகைக்காரன் புத்தி. அவர் முகம் பழையபடி சைக்கிள் கடை முகமாகிவிட்டது. காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆயா அடுப்புல போட்டது எத்தன புக்குன்னு ஞாபகம் இருக்குதா?"

"நாலு மாமா. ஒண்ணு என்னோடது."

"என்னுது மூணு இல்ல. ரெண்டுதான். ஒண்ணு ஒருத்தரு படிக்கக் குடுத்தது. திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்லியிருந்தேன்."

"யாரு மாமா?"

"அவரு வரல" என்றார்.